உஷ் அண்ணனும் ஒரு கை ரசமும்

லாரியின் ஏர்ஹாரனைத் தாலாட்டாகவும், எதிரில் இருப்பவர் ரசம் உறிஞ்சுவதைக் கொலை முயற்சியாகவும் கேட்கிற காது இந்த உலகத்தில் ஒரே ஒரு ஜோடிதான் படைக்கப்பட்டது. அதை உஷ் அண்ணனின் தலையில் பொருத்தி அனுப்பிவிட்டார்கள்.

காரைக்குடியில் இன்றைக்கும் சீப்புச்சீடையைச் சத்தமே வராமல் தின்னத் தெரிந்த நாலைந்து பேர் இருக்கிறார்கள். முதலில் டீயில் ஊறவைக்க வேண்டும். பிறகு நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் நடுவில் வைத்து, பல்லுக்குத் தெரியாமல் நசுக்க வேண்டும். விழுங்கும்போது வேறு பக்கம் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த வித்தை தெரிந்த எல்லாரும் உஷ் அண்ணனோடு ஒரே வீட்டில் குடியிருந்தவர்கள். நானும் அங்கே குடியிருந்தவன்தான். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது, ஆனால் எங்கள் வீட்டில் யாரும் அதைப் புழங்கியதில்லை.

நான் அப்போது ஓர் உரக் கம்பெனியில் விற்பனை வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கல்லுக்கட்டிப் பக்கம் ஒரு பெரிய வீட்டின் பின்கட்டில் எனக்கு ரூம். முன்கட்டு பூட்டியே கிடக்கும். சினிமா ஷூட்டிங் வந்தால் மட்டும் திறப்பார்கள். பின்கட்டில் முற்றத்தைச் சுற்றி எங்களைப் போன்ற ஆட்களின் ரூம்கள், ஒரு ஓரத்தில் மெஸ். அந்த முற்றத்துக்கு ஒரு குணம் உண்டு. இந்த மூலையில் ஒருவர் கொட்டாவி விட்டால் எதிர் மூலையில் இருப்பவருக்குத் தூக்கம் வரும். நகம் வெட்டினால் கைவிரலா கால்விரலா என்று சொல்லிவிடலாம். காலையில் நாங்கள் வரிசையாக நின்று நாக்கு வழிக்கும் நேரத்தில் தெருவில் போகிறவர்கள், உள்ளே ஏதோ வெட்டுக்குத்து என்று நினைத்து நடையை எட்டிப் போடுவார்கள். சத்தம் ஆகாத மனிதர் குடிவரக் கூடாத வீடு என்று ஒன்றைத் தேடினால் அது எங்கள் வீடுதான். உஷ் அண்ணன் அங்கேதான் வந்து சேர்ந்தார்.

அவருக்குப் புதுவயலில் வேலை. அரிசி ஆலைகளுக்கு லாரி பிடித்துக் கொடுக்கும் புக்கிங் ஆபீஸ். அதுவரை அவர் இருந்தது ஓர் ஆலைக்குப் பின்னால் தனி ரூம். பகல் முழுக்க மெஷின் ஓடி, சுவரில் மாட்டிய காலண்டர் ஆடிக்கொண்டே இருக்குமாம். அங்கே நிம்மதியாகத் தூங்கி எழுந்த மனிதர் அதைக் காலி செய்துவிட்டு ஏன் எங்களிடம் வந்தார் என்பது எங்களுக்கு விளங்கவில்லை. அவர் சாமான்களைக் கொண்டுவந்தவன் எங்கள் வீட்டிலேயே குடியிருந்த பாண்டி. சொந்த லோடு ஆட்டோ வைத்திருந்தான். அன்று இருவருக்கும் நடந்த பேச்சைப் பாண்டி எங்களுக்கு நடித்தே காட்டினான்.

“பாண்டி, சாமான் போறப்ப எனக்குச் சத்தமில்லாம வரணும்ப்பா.”

“சத்தமில்லாம எப்புடிண்ணே வாரது? டீசலச் சும்மாவா ஊத்துறான்?”

“டீசலுக்கும் இதுக்கும் என்னய்யா சம்பந்தம்? வண்டி எம்புட்டு வேணாலும் கத்திக்கிரட்டும். நீ விசில் அடிக்கப்படாது. அதச் சொன்னேன்.”

எங்கள் பக்கத்தில் வண்டி வாடகைக்கும் சத்தம் என்றுதான் பெயர். மதுரைக்கு என்ன சத்தம், திருச்சிக்கு என்ன சத்தம் என்று காலையிலிருந்து பேசியே சம்பளம் வாங்குகிற மனிதர், ஆபீஸ் படியை விட்டு இறங்கியதும் அந்த அர்த்தத்தை அங்கேயே கழற்றி வைத்துவிடுவார். அதற்குப் பிறகு சத்தம் என்றால் அவருக்கு மனிதர்கள் வாயால், மூக்கால், விரலால், செருப்பால் செய்கிற அக்கிரமம்தான்.

வந்த சில நாட்களிலேயே எங்கள் பழக்கவழக்கங்களைச் சீர்திருத்த ஆரம்பித்தார். அதட்ட மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு, பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, உதட்டோரத்தில் ஒரு ‘உஷ்’. அவ்வளவுதான். அதைக் கேட்டதும் பேனாவை டிக் டிக் என்று அமுக்குகிறவன் நிறுத்திவிடுவான். சொடக்கு எடுக்கப் போனவன் விரலை மடக்கிக்கொள்வான். செருப்பைத் தேய்த்து நடக்கிறவன் காலைத் தூக்கி வைத்து, கொக்கு மாதிரி முற்றத்தைக் கடப்பான். செல்போனில் வீடியோ பார்க்கிறவர்கள் வாயசைவை வைத்தே கதையைப் புரிந்துகொண்டார்கள். பலகாரங்களையும் அவர் நல்லவர், கெட்டவர் என்று பிரித்து வைத்திருந்தார். வெள்ளைப் பணியாரம் உத்தமன். கந்தரப்பம் குடும்பத்துப் பிள்ளை. தேன்குழல் சகவாசம் சரியில்லாதவன். சீப்புச்சீடை ஊரை விட்டே தள்ளி வைக்க வேண்டியவன். மெஸ் அக்கா அப்பளத்தைப் பொரித்து எடுத்தால் அதை நாங்கள் சோற்றுக்கு அடியில் புதைத்து, நமத்துப் போனதும் வெளியே எடுத்துச் சாப்பிட்டோம்.

“அப்பளத்தப் பொரிச்சுப் பொதைக்கிறதுக்கு, பச்சையாவே தந்துருவேனே” என்று மெஸ் அக்கா சலித்துக்கொள்வார்.

எனக்கு மட்டும் முதலில் ‘உஷ்’ கிடைக்கவில்லை. நான் நாகரிகமாகச் சாப்பிடுகிறவன் என்று கொஞ்ச நாள் பெருமையாகத் திரிந்தேன். எங்கள் குடும்பத்தில் ரசத்தைச் சோற்றில் ஊற்றிச் சாப்பிட்ட பிறகு, உள்ளங்கையைக் குழித்து ஒரு கை தனியாக வாங்கி உறிஞ்சுவது வழக்கம். கடைசிச் சொட்டு வருகிறபோது ஒரு நீளமான ஓசை எழும். அது எழவில்லையென்றால் ரசம் வைத்தவருக்கு மரியாதை செய்யவில்லை என்று பொருள். நான் மரியாதையில் குறை வைத்ததே இல்லை. மெஸ்ஸுக்கு வெளியிலிருந்து வந்து சாப்பிட்டுப் போகிறவர்களும் இப்படித்தான் விதவிதமாகச் சத்தம் போடுவார்கள். அவர்களையும் உஷ் அண்ணன் ஒன்றும் சொல்வதில்லை. எனக்கும் அவர்களுக்கும் ஒரே சலுகை என்பதை நான் அப்போது யோசிக்கவில்லை.

பிறகு ஒருநாள், கோடியில் உட்கார்ந்திருந்த உஷ் அண்ணன் இலையைத் தூக்கிக்கொண்டு வந்து எனக்கு நேர் எதிரில் உட்கார்ந்தார். நான் ரசத்தைக் கையில் வாங்கினேன். மரியாதை செய்தேன். ‘உஷ்’ வந்தது.

அன்றிலிருந்து தினமும் மத்தியானம் இதே கதை. வேறு இடம் காலியாக இருந்தாலும் எனக்கு எதிரில்தான் உட்காருவார். நான் உறிஞ்சினால் துடிப்பார். நான் இடம் மாறினால் அவரும் மாறுவார். இந்த மனுஷன் என்னை ஒரு வழி பண்ணாமல் விட மாட்டார் போலிருக்கிறது என்று எனக்கு உள்ளுக்குள் கோபம். ரசம் என்றாலே பயம் வந்துவிட்டது.

அவருக்குக் கல்யாணமாகியிருக்கிறது என்பதை ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்துகொண்டேன். கீழச்சிவல்பட்டியில் சொந்த வீடு, மனைவி, பள்ளிக்கூடம் போகிற மகள் கயல் எல்லாம் இருக்கிறார்கள். பஸ் ஏறினால் பேச்சு முடிவதற்குள் வந்துவிடுகிற ஊர். சனிக்கிழமை சாயங்காலம் போவார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டு வேளைக்குச் சற்று முன்னால் கிளம்பி, கையில் டிபன் கேரியரோடு எங்கள் முற்றத்துக்கு வந்துவிடுவார். மனைவி சமைத்த நாட்டுக்கோழிக் குழம்பை இங்கே உட்கார்ந்து தனியாகச் சாப்பிடுவார். அந்தக் குழம்பில் எனக்கும் பங்கு கிடைக்கும். அப்படி ஒரு குழம்பு வைக்கத் தெரிந்தவரை விட்டுவிட்டு இங்கே வந்து சாப்பிடுகிறவருக்குக் காதில் மட்டும்தான் கோளாறா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. ஒருநாள் கேட்டேவிட்டேன்.

“அண்ணே, புதுவயல் லாரி அத்தனையும் உங்க காதுக்குள்ளதான் ஹாரன் அடிக்குது. அதெல்லாம் ஒண்ணுஞ் செய்யல. நாங்க டீ குடிச்சா மட்டும் ஏன்ணே இப்புடி?”

அவர் கேரியர் தட்டுகளைச் சத்தமில்லாமல் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினார்.

“லாரி யாரோதான தம்பி. அதுபாட்டுக்குக் கத்திட்டுப் போகும். யாரோட சத்தமும் வெளியிலயே நின்னுக்கிரும். ஆனா, மனுசருக்கு மனுசர் பழகி, நமக்கு ஆனவுகன்னு ஆயிட்டாக பாருங்க, அவுக சத்தம் உள்ள வந்து உக்காந்துக்கிருது. எம்புட்டு ஆனவுகளோ அம்புட்டுக்குக் குடையுது.”

“அப்ப வீட்ல?”

“வீட்லதான் ரொம்ப.”

கல்யாணமான புதிதில் சமாளித்தாராம். வரவர, மனைவி தெய்வானை பிசைகிற ஓசையும் விழுங்குகிற ஓசையும் கேட்டால் மண்டைக்குள் ஆணி இறங்குகிற மாதிரி ஆகிவிடுமாம். ஒன்றும் சொல்லாமல் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கொல்லைப்புறம் போய்விடுவாராம். “அவளப் போயி என்னன்னு சொல்ல முடியும்? நீ திங்கிறது எனக்கு ஆகலன்னா சொல்றது?” என்று என்னிடம் கேட்டார். அவர் சொல்லாததால் அந்த அம்மாள் தானாகவே ஒன்றைப் புரிந்துகொண்டார். இந்த மனிதருக்கு என்னைக் கண்டாலே குமட்டுகிறது, அதனால்தான் எழுந்து போகிறார் என்று. புருஷன் முன்னால் சாப்பிடுவதையே நிறுத்திவிட்டார். அப்புறம் அவர் புதுவயலில் ரூம் எடுத்தார். இப்போது தெய்வானை ஒரு முடிவுக்கு வந்திருந்தார். முழுப் பரீட்சை லீவு விட்டதும் மகளைக் கூட்டிக்கொண்டு மானாமதுரையில் அம்மா வீட்டுக்குப் போய், பள்ளிக்கூடத்தையும் அங்கேயே மாற்றிவிடுவது.

“கயலு கேக்குதுங்க தம்பி. அப்பா ஏன் நம்ம கூடச் சாப்புடுறதில்லன்னு.” இதைச் சொன்னபோது அவர் என்னைப் பார்க்கவில்லை.

அவரை நினைத்து அதுவரை சிரித்துக்கொண்டிருந்த எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. இதற்கெல்லாம் இப்போது டாக்டர்கள் ஏதோ பெயர் வைத்திருக்கிறார்கள். அன்று எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், பிரியம் கூடக்கூட வலி கூடுகிற ஒரு காது, அதை வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போக முடியாத ஒரு மனிதர். பாண்டி தன்னால் ஆன வைத்தியமாகப் பஞ்சு வாங்கிக் கொடுத்தான். அதைக் காதில் வைத்தால் தன்னுடைய விழுங்கல் தனக்கே கேட்கிறது என்று அண்ணன் திருப்பிக் கொடுத்துவிட்டார். தன்னையே பார்த்து ‘உஷ்’ சொல்லிக்கொள்ள முடியாதே.

பரீட்சை முடிந்து லீவு விட்ட அந்த வாரம். மத்தியானம். வழக்கம்போல அவர் எனக்கு எதிரில். மெஸ் அக்கா மிளகு ரசத்தோடு வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு, “வேணுமா, வேணாமா?” என்று கேட்டார். அண்ணனே, “ஊத்துங்க, குடிக்கட்டும்” என்றார். குழித்த கையில் வாங்கினேன். உறிஞ்சினேன். அவர் கண்ணை மூடி, பெஞ்சைப் பிடித்து, “உஷ்” என்றார். கண்ணைத் திறந்தபோது வாசலில் ஓர் அம்மாளும் ஒரு பெண் குழந்தையும் நின்றுகொண்டிருந்தார்கள். அம்மாளின் கையில் ஒரு சாவிக் கொத்து.

“வீட்டுச் சாவியக் குடுத்துட்டுப் போகலாம்னு வந்தோம்” என்றார் தெய்வானை. குரல் அமைதியாகத்தான் இருந்தது. “பரவால்ல, நல்லாத்தான் இருக்கீக. ஊரான் உறிஞ்சுறத எதுத்தாப்புல உக்காந்து கேட்டுக்கிட்டு இருக்கீக. நாந்தான் ஒங்களுக்கு ஆகாமப் போயிட்டேன்.”

முற்றத்தில் அதுவரை நாங்கள் பழகி வைத்திருந்த அமைதியெல்லாம் அமைதியே இல்லை என்று அப்போது தெரிந்தது. பாண்டி வாயில் போட்ட கவளத்தை மெல்லவே இல்லை. உஷ் அண்ணன் எழுந்து நின்றார். எச்சில் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

“அதுக்கில்ல தெய்வானை. ஒன்னய ஆகாம இல்ல, நமக்கு ஆனவுக திங்கிற சத்தந்தான் என் காதுக்கு ஆகல. இந்தத் தம்பி ரசம் குடிக்கிறது அப்புடியே ஒன்னய மாதிரியே இருக்கும். அந்தக் கடைசி இழுப்பு அச்சு அசல் நீதான். பழகணும்னுதான் ஆலை ரூம விட்டுட்டு இங்க வந்தேன், அதான் தெனமும் எதுத்தாப்புல உக்காந்து பழகிக்கிறேன். இவுக முன்னாடி எந்திரிக்காம இருக்க முடிஞ்சிருச்சுன்னா வீட்லயும் இருந்துருவேன்ல.”

தெய்வானை என்னைப் பார்த்தார். என் வாய், மோவாயில் வழிந்திருந்த ரசம், குழித்தபடியே இருந்த கை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“நான் இப்புடியா சாப்புடுறேன்?” என்றார்.

என் வாழ்க்கையில் இவ்வளவு சுருக்கமாக யாரும் என்னை அவமானப்படுத்தியதில்லை. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. “ஏக்கா, இதுல என்னக்கா கொறை?” என்று கேட்டுவிட்டேன். கயல் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். மெஸ் அக்கா ஒன்றுமே நடக்காததுபோல என் பக்கத்தில் இரண்டு இலையைப் போட்டு, “ஒக்காருங்க, பேசிக்கிட்டே சாப்பிடலாம்” என்றார். அந்த வீட்டில் அன்றைக்கு அறிவோடு நடந்துகொண்டவர் அவர் ஒருவர்தான்.

தெய்வானை உட்கார்ந்தார். கோபத்தில் ஓசையே இல்லாமல் சாப்பிட்டார். பார்க்கவே பாவமாக இருந்தது. உஷ் அண்ணனுக்கும் தாங்கவில்லை.

“எப்பவும் போலச் சாப்பிடு தெய்வானை.”

ரசம் வந்தது. தெய்வானை சற்று யோசித்துவிட்டு உள்ளங்கையைக் குழித்தார். உறிஞ்சினார். சத்தியமாகச் சொல்கிறேன், என் சொந்தத் தங்கைகூட அப்படி ஒரு இழுப்பு இழுத்ததில்லை. “அப்பா, ரெண்டு பேரும் ஒரே மாதிரி” என்றாள் கயல். அண்ணனின் கண் மூடிக்கொண்டது. பெஞ்சைப் பிடித்த விரல்கள் வெளுத்தன. இப்போது எழுந்து போய்விடுவார் என்று நான் பயந்தேன். போகவில்லை.

“உஷ்” என்றார். கண்ணைத் திறந்து மனைவியைப் பார்த்து, “கோவிச்சுக்கிறாத” என்றார்.

“இந்த உஷ்ஷ அன்னைக்கே வீட்ல சொல்லித் தொலைச்சா என்ன?”

“ஒன்னயப் போயி எப்புடி அதட்டுறது?”

“ஒண்ணுஞ் சொல்லாம எந்திரிச்சுப் போறதுக்கு, அதட்டுறது எவ்வளவோ தேவல.”

மோர் வரும்வரை உஷ் அண்ணன் எழுந்திருக்கவில்லை. அதற்குள் இன்னும் சில ‘உஷ்’ சொன்னார். ஒன்று கயலுக்கும் கிடைத்தது, அப்பளத்தைக் கடித்ததற்காக. அவள் அதைப் பரிசு வாங்கியவள்போல எங்களையெல்லாம் பார்த்துச் சிரித்தாள். கை கழுவிவிட்டு வந்த தெய்வானை, இலைப் பக்கத்தில் வைத்திருந்த சாவிக் கொத்தை எடுத்துத் தன் பைக்குள்ளேயே திரும்பப் போட்டுக்கொண்டார்.

அந்த மாதமே அண்ணன் எங்கள் வீட்டைக் காலி செய்தார். கீழச்சிவல்பட்டிக்குச் சாமான் கொண்டுபோனது பாண்டிதான். வழியெல்லாம் விசில் அடிக்காமல், ஸ்டியரிங்கில் தாளம் போடாமல் ஓட்டினானாம். இறங்கியதும் அண்ணன் சட்டைப் பையில் கை விட்டிருக்கிறார்.

“சத்தம் எவ்வளவுப்பா?”

“நீங்கதாண்ணே மொத நாளே சத்தமில்லாம வரணும்னு சொன்னீக. சத்தமில்லாமயே வந்துட்டேன்” என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பிவிட்டான் பாண்டி. திரும்பி வருகையில் காரைக்குடி வரைக்கும் விசில் அடித்துக்கொண்டே வந்ததாகவும் சொன்னான்.

எங்கள் முற்றத்தில் மறுபடி எல்லாச் சத்தமும் வந்து சேர்ந்தது. சொடக்கு, செருப்பு, செல்போன், சீப்புச்சீடை. நான் எதிரில் ஆளில்லாமல் ரசம் குடித்தேன். யாரும் தடுக்காததால் நன்றாக உறிஞ்ச முடிந்தது. ஆனாலும் ஒவ்வொரு முறையும் கடைசி இழுப்புக்குப் பிறகு கொஞ்சம் காத்திருந்தேன்.

பிறகு எனக்குத் தஞ்சாவூர்ப் பக்கம் மாற்றலாகிவிட்டது. சில வருஷம் கழித்து, போன மாசி மாதத்தில், ஒரு வேலையாகத் திருப்பத்தூர் வந்தவன் கீழச்சிவல்பட்டிக்குப் போனேன். அண்ணனுக்கு மீசை நரைத்திருந்தது. “வாங்க, வாங்க. எம்புட்டு நாளாச்சு” என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். நால்வரும் ஒன்றாகச் சாப்பிட உட்கார்ந்தோம். கயல் என்னை விட உயரமாகிவிட்டாள். அண்ணன் எனக்கு எதிரில்தான் உட்கார்ந்தார். தெய்வானை அக்கா மென்றார், “உஷ்.” கயல் அப்பளம் கடித்தாள், “உஷ்ப்பா” என்று அவளே முந்திக்கொண்டு சொன்னாள். யாரும் எழுந்து போகவில்லை. அந்த வீட்டில் அது மூச்சு விடுவதைப்போல சாதாரணமாக நடந்துகொண்டிருந்தது.

நான் குழம்புச் சோற்றை நன்றாகவே மென்றேன். எனக்கு ‘உஷ்’ வரவில்லை. தண்ணீரைக் கடக் கடக்கென்று குடித்தேன். “இன்னுங் கொஞ்சம் வெஞ்சனம் வச்சுக்கங்க” என்று அண்ணன் மரியாதையாகச் சொன்னார். எனக்கு என்னவோ போலிருந்தது. பார்த்துச் சில வருஷம் ஆகிவிட்டது. மெஸ்ஸுக்கு வெளியிலிருந்து வந்து சாப்பிட்டுப் போனவர்கள் நினைவுக்கு வந்தார்கள். அவர்களையும் அவர் ஒன்றும் சொன்னதில்லை. லாரியையும் சொன்னதில்லை.

அக்கா ரசம் கொண்டுவந்தார். உள்ளங்கையைக் குழித்து வாங்கினேன். எங்கள் குடும்பத்து மரியாதை முழுவதையும் சேர்த்து உறிஞ்சினேன். அண்ணனைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு தரையில் விரலை ஊன்றினார்.

“உஷ், தம்பி.”

எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

“அக்கா, இன்னும் ஒரு கை ஊத்துங்க” என்று கையை நீட்டினேன்.